நீலப் பெட்டிக்கு எப்படி மூடி போடுவது? – வாசகர் கேள்வி பதில்

இரண்டு மாதம் முன்பு இந்தப் பக்கத்தில் சயனோடைப் பிரிண்ட் பற்றி எழுதியிருந்தேன். இரும்பு உப்புக் கரைசலைத் தாளில் பூசி, இருட்டில் காயவைத்து, மேலே நெகட்டிவை வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசினால் நீலப்படம் வருமே, அந்த வேலைதான். அப்போது நல்ல வெயில். இப்போது ஆடி பிறந்து, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் மேகமும் ஒன்றாக உள்ளே வந்துவிட்டன. காலையில் எட்டு நிமிடத்தில் முடிந்த எக்ஸ்போஷர் மத்தியானம் அரைமணி ஆனாலும் முடியவில்லை என்று புலம்பிய வாசகர்கள், ஒருவர் பின் ஒருவராகப் புறஊதா விளக்குப் பெட்டி செய்யக் கிளம்பிவிட்டார்கள். இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்தப் பெட்டியைப் பற்றித்தான். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஏனுங்கண்ணா, நானே ஒரு எக்ஸ்போஷர் பெட்டி செய்திருக்கிறேன். இரண்டடி டியூப் பத்து, ஒவ்வொன்றும் 20 வாட், எல்லாவற்றிலும் பி.எல். என்று அச்சடித்திருக்கிறது. வீட்டில் வேறு இடமில்லாததால் ஹால் மூலையில் வைத்திருக்கிறேன். மூடி இடுக்கிலும் பேன் ஓட்டையிலும் நீல வெளிச்சம் வழிகிறது. "அது கண்ணுக்கு ஆகாது, தூக்கிப் போடு" என்று அம்மா தினமும் சண்டை. ஐந்து வயதுப் பையன் வேறு எட்டி எட்டிப் பார்க்கிறான். மேலே ஒரு கண்ணாடி போட்டால் போதுமா, திரை கட்ட வேண்டுமா? – பெயர் வேண்டாம், பொள்ளாச்சி.

பதில்: அம்மிணி, உங்கள் அம்மா சொல்வதில் பாதி சரி. தூக்கிப் போட வேண்டாம், ஆனால் இப்படித் திறந்தும் வைக்க வேண்டாம். மூடுவதைப் பற்றிச் சொல்வதற்கு முன் என் கதையை ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

1991இல் நான் திருப்பூரில் ஒரு பனியன் பிரிண்டிங் பட்டறையில் எக்ஸ்போசிங் ரூம் பையன். ஸ்கிரீனில், வெளிச்சம் பட்டால் இறுகும் எமல்ஷன் பூசி, காயவைத்து, பாசிட்டிவ் பிலிமை ஒட்டி விளக்கில் காட்டுவது என் வேலை. இருந்த விளக்கு ஒருநாள் படுத்துவிட்டது. புதிது வாங்கும் வரை சமாளிக்கலாம் என்று யாரோ ஒரு யோசனை சொன்னார்கள். அப்போது தெருவிளக்கில் போட்டுக்கொண்டிருந்த 125 வாட் மெர்குரி பல்பு ஒன்றைக் கோணிச்சாக்கில் சுற்றி, சுத்தியலால் மெல்லத் தட்டி, வெளிக்கண்ணாடியை மட்டும் உடைத்து எடுத்தோம். உள்ளே கம்பிகளுக்கு நடுவில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு குவார்ட்ஸ் குழாய் நின்றது. சோக்கில் மாட்டிப் போட்டதும் நாலைந்து நிமிடத்தில் சூடேறி, வெள்ளையும் நீலமுமாகப் பிடித்துக்கொண்டது. என்ன வேகம்! ஸ்கிரீன் பாதி நேரத்தில் வெந்துவிட்டது. எங்களுக்கு ஒரே கொண்டாட்டம்.

குவார்ட்ஸ் குழாய் குறுகிய அலைநீளக் கதிர்களை அப்படியே வெளியே விட்டுவிடும் என்பதும், அவற்றைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தது நாங்கள் உடைத்துப் போட்ட அந்த வெளிக்கண்ணாடிதான் என்பதும் எங்கள் யாருக்கும் தெரியாது. மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை விளக்குக்கு அடியில் குனிந்து நின்று உயரம் பார்த்தேன், பிரேம் மாற்றினேன். கண்ணில் ஒன்றும் இல்லை. பஸ் ஏறி வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்துவிட்டேன். ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு கைப்பிடி மணலைக் கண்ணுக்குள் கொட்டி இமையை மூடித் தேய்த்தது போல ஒரு வலி. திறக்கவும் முடியவில்லை, மூடவும் முடியவில்லை. தண்ணீராகக் கொட்டுகிறது. அம்மா நந்தியாவட்டைப் பூவை நனைத்து இமைமேல் வைத்தார். பக்கத்து வீட்டு வெல்டர், "இது நம்ம கேஸுதான்" என்று உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கிக்கொண்டு வந்தார். குளிர்ச்சிக்குக் கொஞ்சம் இதம், அவ்வளவுதான். காலையில் கண் டாக்டர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "எங்கே வெல்டிங் வைத்தாய்?" கருவிழியின் மேல்தோல் புறஊதாவில் வெந்திருக்கிறது என்றார். கண் மரத்துப் போகிற சொட்டு மருந்தைக் கடையில் வாங்கி நீயாகப் போட்டுக்கொள்ளாதே, புண் ஆறுவதைக் கெடுத்துவிடும் என்றும் எச்சரித்தார். இரண்டு நாளில் தேறினேன். முகத்திலும் புறங்கையிலும் தோல் ஒரு வாரம் உரிந்தது.

இந்தக் கதையில் உங்களுக்கு வேண்டியது ஒன்றுதான். புறஊதா படும்போது உறைக்காது. ஆறு மணி, எட்டு மணி நேரம் கழித்துத்தான் கணக்குக் கேட்கும். அதனால் "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்பதை வைத்துப் பெட்டி பத்திரம் என்று முடிவுகட்ட முடியாது.

இப்போது உங்கள் டியூபுக்கு வருவோம். அது என் மெர்குரிக் குழாய் போன்ற முரடு இல்லை. பி.எல்., அதாவது பிளாக் லைட் டியூப் தருவது பெரும்பாலும் யு.வி.–ஏ, அதாவது புறஊதாவில் 315 முதல் 400 நானோமீட்டர் வரையிலான பகுதியில், 350க்கும் 370க்கும் இடையில் உச்சம். நம்மூர் பேக்கரிகளில் பப்ஸ் அலமாரிக்கு மேலே நீலமாக எரிகிறதே ஈ பிடிக்கும் பெட்டி, அதில் இருப்பதும் இதே ஜாதி டியூப்தான். ஆனால் பேக்கரியில் ஒன்றோ இரண்டோ, அதுவும் தலைக்கு மேலே. நீங்கள் பத்தை வரிசையாக அடுக்கி முகத்துக்கு நேராக வைத்திருக்கிறீர்கள்.

கண்ணுக்கான யு.வி.–ஏ வரம்பு என்று உலக அளவில் வைத்திருப்பது, எட்டு மணி நேரத்துக்குள் சதுர சென்டிமீட்டருக்கு 1 ஜூல். பத்து டியூப் பெட்டியில் தாள் இருக்கும் இடத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 200 விநாடியில் அந்த 1 ஜூல் சேர்ந்துவிடும். மூன்று நிமிடம் இருபது விநாடி. ஒரு பிரிண்டுக்கு அரை நிமிடம் எட்டிப் பார்க்கிறவர் ஏழாவது பிரிண்டில் அன்றைய பங்கைத் தாண்டிவிடுவார். பையன் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். சின்னப் பிள்ளைகளின் கண் லென்ஸ் பெரியவர்களுடையதைவிடத் தெளிவு, அதனால் அதிகப் புறஊதாவை உள்ளே விடும்.

கண்ணாடி போட்டால் போதுமா என்று கேட்டீர்கள். போதாது. ஜன்னல் கண்ணாடி, இதைவிடக் குறுகிய அலைநீளமுள்ள யு.வி.–பியையும் அதற்குக் கீழே உள்ளதையும் பெரும்பாலும் நிறுத்தும், யு.வி.–ஏயைப் பெரும்பாலும் வழிவிட்டுவிடும். இதற்குச் சாட்சி வெளியே தேட வேண்டாம். உங்கள் பிரிண்ட் பிரேமில் நெகட்டிவுக்கு மேலே இருப்பது என்ன? கண்ணாடிதானே? அது தடுத்திருந்தால் உங்கள் தாள் நீலமே ஆகியிருக்காது.

தடுப்பதற்கு விலையுயர்ந்த பொருள் எதுவும் தேவையில்லை. ஒளி ஊடுருவாத எதுவும் போதும்: 12 மில்லி பிளைவுட், தகரம், கெட்டி அட்டை. பலகை எங்கே முடிகிறதோ அங்கேதான் தொல்லை. உங்கள் மூடி பெட்டியின் விளிம்பில் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அதை டிபன் பாக்ஸ் மூடி போல ஆக்குங்கள், விளிம்பு பெட்டியின் வெளிப்பக்கமாக இரண்டு விரல் கீழே இறங்கி நிற்க வேண்டும். மூடியின் நாலு பக்கமும் இரண்டங்குல ரீப்பர் அடித்தால் ஆயிற்று. கீல் இருக்கும் பக்கத்தில் உள்ளே ஒரு கறுப்பு வெல்வெட் பட்டி ஒட்டிவிடுங்கள். ஸ்பான்ஜ் டேப் வேண்டாம், புறஊதா பட்டுச் சில மாதத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்து நெகட்டிவ் மேல் விழும்.

பேன் ஓட்டையை அடைத்துவிடாதீர்கள். பத்து டியூப், கூடவே சோக்குகள், 200 வாட்டுக்கு மேல் சூடு. டியூபும் சூடு ஏறினால் வெளிச்சம் குறைக்கும். ஓட்டைக்கு வெளியே அட்டையில் 'ட' வடிவில் இரண்டு வளைவு வைத்த ஒரு கூண்டு செய்து, உள்பக்கம் பளபளப்பில்லாத கறுப்புப் பெயிண்ட் அடியுங்கள். காற்று வளைந்து போய்விடும், வெளிச்சம் கறுப்பில் முட்டி நின்றுவிடும்.

அடுத்தது சுவிட்ச். மூடி திறந்தால் டியூப் தானாக அணைய வேண்டும். மைக்ரோவேவ் அடுப்புக் கதவில் இருப்பது போன்ற மைக்ரோ சுவிட்ச் எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கிறது. பேஸ் ஒயரில் மாட்டச் சொல்லுங்கள், எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள். கூடவே ஒரு டைமர். நாம் எட்டிப் பார்ப்பதே தாளின் ஓரம் சாம்பல் நிறத்துக்குத் திரும்பிவிட்டதா என்று பார்க்கத்தான். அணைத்துவிட்டு, பிரேமை வெளியே எடுத்து, அதன் பின்பக்கத்துப் பாதிக் கதவைத் திறந்து பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

இவ்வளவும் செய்தபின் திரை கட்டுவது உங்கள் இஷ்டம். கட்டினால் வேட்டித்துணி, பனியன் துணி வேண்டாம். பனியன் துணி இழுத்தால் கண் கண்ணாகத் திறக்கும், அது எனக்கு நன்றாகத் தெரியும். பழைய பவானி ஜமுக்காளம் இருந்தால் அதைத் தொங்கவிடுங்கள், நெசவு அவ்வளவு கெட்டி. பேன் கூண்டையும் சோக்கையும் தொடாமல் ஓரடி தள்ளி இருக்கட்டும்.

சரி, மூடினது மூடிக்கொண்டதா என்று எப்படித் தெரியும்? இரவில் ஹால் விளக்கை அணைத்துவிட்டு, துவைத்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பெட்டியைச் சுற்றி நடங்கள். சோப்புப் பொடியில் இருக்கும் வெண்மையூட்டி புறஊதாவில் பளீரென்று நீலமாக ஒளிரும். எந்த இடுக்குக்கு நேரே சட்டை ஒளிர்கிறதோ அங்கே ஓட்டை. இது மேலோட்டமான சோதனை. சரியான அளவுமானி உங்கள் கையிலேயே இருக்கிறது. அது நீங்கள் பூசும் தாள்தான்.

பூசின தாளில் தபால்தலை அளவுக்கு இருபது துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். முதலில் நாலு துண்டை நெகட்டிவ் இல்லாமல் பெட்டிக்குள் வைத்து, ஒன்றுக்கு 5 விநாடி, ஒன்றுக்கு 10, ஒன்றுக்கு 20, ஒன்றுக்கு 40 என்று காட்டி அலசுங்கள். எந்தத் துண்டில் முதன்முதலாக ஒரு கோடு நீலம் தங்குகிறது என்று பாருங்கள். 20 விநாடி என்று வைத்துக்கொள்வோம். மிச்சத் துண்டு ஒவ்வொன்றிலும் பாதியைக் கறுப்புச் சார்ட்டால் மறைத்து, மூடி ஓரம், பேன் கூண்டு, நீங்கள் உட்காரும் நாற்காலியில் கண் உயரம், எதிர்ச்சுவர், பையன் படுக்கிற கட்டில் என்று ஒட்டுங்கள். ஒரே ஒரு துண்டைப் பக்கத்து அறை அலமாரியில் வையுங்கள், அது ஒப்பிட்டுப் பார்க்க. ராத்திரியில், எல்லா விளக்கையும் அணைத்து, பெட்டியை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, எல்லாவற்றையும் ஒன்றாக அலசுங்கள். நாற்காலித் துண்டில் இரு பாதிக்கும் வித்தியாசமே இல்லை என்றால், 7200 விநாடியில் அங்கே 20 விநாடி அளவுகூடச் சேரவில்லை என்று பொருள். அதாவது பெட்டிக்குள் இருப்பதில் 360இல் ஒரு பங்குக்கும் குறைவு. முன்பு சொன்ன 5 மில்லிவாட் கணக்கைப் போட்டால், அந்த நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் அரை ஜூல் சேராது. உங்கள் அம்மாவிடம் அந்தத் துண்டையே காட்டலாம்.

இந்தச் சோதனை என் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். 1801இல் ஜெர்மனியில் ரிட்டர் என்பவர் புறஊதாவைக் கண்டுபிடித்ததே இப்படித்தான். சில்வர் குளோரைடு பூசிய தாளை, முப்பட்டகத்தில் பிரிந்த வெயிலில் ஊதாவுக்கும் அப்பால், கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில் வைத்தார். அங்கேதான் அது எல்லாவற்றையும்விட வேகமாகக் கறுத்தது.

கேள்வி: பி.எல். டியூப் எங்கும் கிடைக்கவில்லை. தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் சாமான் விற்கும் கடையில் 'யு.வி. டியூப்' என்று நான்கு வாங்கினேன். கண்ணாடி பச்சைத் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கிறது. சாதாரண டியூப் லைட் பட்டியில் எரிகிறது, ஆனால் பிரிண்ட் சரியாக விழவில்லை. நேரம் கூட்டலாமா? – ஒரு வாசகர், பெருந்துறை.

பதில்: இந்த வரியைப் படித்ததும் போய் சுவிட்சை அணையுங்கள். பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

நீங்கள் வாங்கியது கிருமி கொல்லும் டியூப். அது தருவது 254 நானோமீட்டர், அதாவது மிகக் குறுகிய அலைநீளமுள்ள யு.வி.–சி. உங்கள் பிரேம் கண்ணாடியை அது தாண்டவே தாண்டாது, அதனால்தான் பிரிண்ட் விழவில்லை. ஆனால் பிரேமுக்கு வெளியே இருக்கும் உங்கள் கண்ணுக்கும் கழுத்துக்கும் கண்ணாடி ஏதும் இல்லையே. நான் 1991இல் பட்டதைவிட மோசமாகச் சில நிமிடத்திலேயே படலாம். ஏற்கெனவே திறந்து வைத்து வேலை செய்து, இப்போது கண் உறுத்துகிறது என்றால் இன்றைக்கே கண் டாக்டரிடம் போய்விடுங்கள், எந்த விளக்கு என்பதையும் சொல்லுங்கள்.

இந்த இரண்டு டியூபும் ஒரே நீளம், ஒரே தடிமன், ஒரே முள். பட்டிக்கு வித்தியாசம் தெரியாது, நாம்தான் பார்க்க வேண்டும். பி.எல். டியூப் சாதாரண டியூப் லைட் போல உள்ளே வெள்ளைப் பொடி பூசியிருக்கும். பி.எல்.பி. (பிளாக் லைட் புளூ) என்றால் கருநீலக் கண்ணாடி. கண்ணாடி தெளிவாக இருந்து உள்ளே கம்பிச் சுருள் தெரிந்தால் அது கிருமி டியூப். ஓரத்தில் அச்சடித்திருப்பதையும் படியுங்கள்: எஃப் 15 டி 8 பி.எல். என்று 'எஃப்'இல் தொடங்கினால் நம்முடையது, ஜி 15 டி 8 என்று 'ஜி'யில் தொடங்கினால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். தோல் நோய் சிகிச்சைக்கென்று யு.வி.–பி டியூபும் இதே அளவில் உண்டு, எண் 01 அல்லது 12 என்று முடியும். அதுவும் வேண்டாம்.

பி.எல்.பி. பற்றி ஒரு வார்த்தை. பார்க்க மங்கலான ஊதாவாக இருக்கும், அதனால் பலவீனம் என்று நினைப்போம். கண்ணுக்குத் தெரிகிற பகுதியைத்தான் அந்தக் கறுத்த கண்ணாடி வடிகட்டுகிறது, தெரியாத பகுதி பெரும்பாலும் வந்துவிடுகிறது. கண் கூசாது, கருமணியும் சுருங்காது, அதனால் புறஊதா தாராளமாக உள்ளே போகும்.

கேள்வி: நான் 395 நானோமீட்டர் எல்.இ.டி. பிளட் லைட், 50 வாட், இரண்டு வைத்திருக்கிறேன். வேலை நடப்பது தெரிய வேண்டும் என்பதால் மூன்று பக்கமும் தெளிவான பாலிகார்பனேட் ஷீட் போட்டு அடைத்தேன். அது யு.வி.யை முழுவதும் தடுக்கும் என்றார்கள். சரிதானா? – வாசகர், கரூர்.

பதில்: சொன்னவர் டியூபை மனதில் வைத்துச் சொல்லியிருக்கிறார். தெளிவான பாலிகார்பனேட் ஏறக்குறைய 380 நானோமீட்டருக்குக் கீழே இருப்பதை நன்றாகவே நிறுத்தும். உங்கள் விளக்கு 395. வாசல் உயரத்தைவிட உயரமான ஆள் மாதிரி அது மேலே தலையை நீட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். அதே காரணத்தால் தெளிவான பாதுகாப்புக் கண்ணாடியும் உங்களுக்கு முழுசாக உதவாது. மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறக் கண்ணாடி வேண்டும், புறஊதாவுக்கானது என்று குறியிட்டது. ரோட்டோரம் விற்கும் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளாதீர்கள். கறுப்பில் கருமணி விரியும், உள்ளே புறஊதா தடுக்கப்படவில்லை என்றால் சும்மா இருப்பதைவிடக் கேடு.

ஷீட்டைக் கழற்றிவிட்டு பிளைவுட் போடுங்கள். பார்த்தே ஆக வேண்டும் என்றால் உள்ளங்கை அளவுக்கு மட்டும் ஒரு ஜன்னல் வெட்டி ஆரஞ்சு அக்ரிலிக் வையுங்கள். எந்த ஷீட் வாங்கினாலும் நம்புவதற்கு முன் ஒரு துண்டைப் பூசின தாள்மேல் வைத்து, உங்கள் விளக்கிலேயே வழக்கமான நேரத்தைப் போல மூன்று மடங்கு காட்டி அலசிப் பாருங்கள். வெள்ளையாகவே இருந்தால் அது உங்கள் விளக்குக்கு ஆகும். லேபிளில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

கேள்வி: என் மாமனாருக்கு 68 வயது. பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து சயனோடைப் செய்ய ஆசைப்படுகிறார். கையில் வெண்புள்ளிக்குக் கார்போகரிசி எண்ணெய் தடவுகிறார். பல வருஷம் முன்பு கண்புரை ஆபரேஷனும் ஆகியிருக்கிறது. பெட்டிப் பக்கம் விடலாமா? – வாசகி, கோபி.

பதில்: நல்லவேளை கேட்டீர்கள். கார்போகரிசியில் சோரலன் என்ற பொருள் இருக்கிறது. அது தோலை யு.வி.–ஏக்குப் பல மடங்கு கூர்மையாக்கும். ஆஸ்பத்திரியில் வெண்புள்ளிக்குச் சோரலன் கொடுத்து யு.வி.–ஏ காட்டுகிற சிகிச்சையே உண்டு, அங்கே விநாடி எண்ணிக் காட்டுவார்கள். நம் பெட்டியில் எரிவதும் அதே யு.வி.–ஏதான். எண்ணெய் தடவின கையை அதில் கொஞ்ச நேரம் வைத்தால் அப்போது ஒன்றும் தெரியாது. ஓரிரு நாள் கழித்துத் தீப்பட்டது போலக் கொப்புளம் கிளம்பும். எலுமிச்சை பிழிந்த கையோடு வெயிலில் போனால் கறுத்துப் போகிறதே, அதுவும் இந்த வகையறாதான். டாக்சிசைக்ளின் போன்ற சில மாத்திரைகளும் இப்படித் தோலைக் கூர்மையாக்கும். மாமனார் வேறு மாத்திரை சாப்பிட்டால் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கண் விஷயம்: நம் கண்ணின் சொந்த லென்ஸ்தான் யு.வி.–ஏயை விழித்திரைக்குப் போகாமல் பெரும்பாலும் பிடித்துக்கொள்கிறது. பழைய ஆபரேஷனில் லென்ஸை எடுத்துவிட்டு சோடாபுட்டிக் கண்ணாடி மட்டும் கொடுத்தவர்களுக்கு அந்தக் காவல் இல்லை. இப்போது உள்ளே வைக்கும் செயற்கை லென்ஸ்களில் பொதுவாகப் புறஊதாத் தடுப்பு சேர்ந்தே வருகிறது. அவருக்கு எது வைத்தார்கள் என்று டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்துக் கண் டாக்டரிடம் கேளுங்கள்.

அதுவரை பெட்டி வேலையைப் பேரப்பிள்ளைகளின் அப்பா பார்த்துக்கொள்ளட்டும். கரைசல் கலந்து தாளில் பிரஷ் போடுவதும் கடைசியில் தண்ணீரில் அலசுவதும்தான் இந்த வேலையில் ருசியான பகுதி. மஞ்சள் பச்சை கரைந்து போய் நீலம் எழுந்து வருவதைப் பார்க்க அவருக்கு எந்தத் தடையும் இல்லை. பூசும்போது கையுறை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: பெட்டிக்குள் வெளிச்சம் நன்றாகத் திரும்பி அடிக்கட்டும் என்று இரண்டு கோட் வெள்ளை எனாமல் அடித்தேன். நேரம் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. ஏன்? – கல்லூரி மாணவர், கோவை.

பதில்: தம்பி, வெள்ளை என்பது நம் கண்ணுக்கு. வெள்ளைப் பெயிண்டில் இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு. அது புறஊதாவைத் திருப்பி அடிக்காமல் விழுங்கிவிடும், முகத்தில் பூசும் சன்ஸ்கிரீனில் அதைப் போடுவதே அதற்காகத்தான். ஆகவே உங்கள் பெட்டிச் சுவரெல்லாம் இப்போது சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு நிற்கிறது.

டியூபுக்குப் பின்னால் பளபளப்பான அலுமினியத் தகடு வையுங்கள், இல்லை சமையலறை அலுமினியப் பாயிலைக் கசங்காமல் ஒட்டுங்கள். அலுமினியம் புறஊதாவில் பெரும்பகுதியைத் திருப்பி அடிக்கும். பாயில் போட்டபின் நேரத்தைப் புதிதாகச் சோதித்துக்கொள்ளுங்கள், பழைய கணக்கில் காட்டினால் கறுத்துவிடும். பொள்ளாச்சி அம்மிணிக்குச் சொன்ன துண்டுத்தாள் சோதனையையும் மறுபடி செய்யுங்கள். முன்பு பெயிண்ட் விழுங்கின கதிரெல்லாம் இப்போது ஓட்டை தேடிக் கிளம்பியிருக்கும்.

ஒன்று மட்டும். பாயில் மின்சாரம் கடத்தும். டியூப் ஹோல்டர் முள்ளிலிருந்து எல்லாப் பக்கமும் ஓரங்குலம் வெட்டி விலக்கிவிட்டு, தகட்டுக்கு எர்த் கொடுத்தபின் சுவிட்சைப் போடுங்கள்.